மூவருக்குப் பெயர் இல்லை

இருபத்தெட்டு வருடம் மேக்பெத் நாடகத்தைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். பாளையங்கோட்டையின் ஜூலை வெக்கையில், மின்விசிறி கறகறக்கும் வகுப்பறையில், முதல் காட்சியை வாசிக்க மூன்று மாணவிகளை எழுப்பிவிடுவேன். இடியும் மின்னலுமாகத் தொடங்கும் அந்தக் காட்சியில் பேசுகிறவர்கள் மூன்று சூனியக்காரிகள் மட்டும்தான். "மிஸ், இதுல நான் யாரு?" என்று ஒவ்வொரு வருடமும் ஒருத்தி கேட்பாள். "நீ முதல் சூனியக்காரி, அவ ரெண்டாவது, இவ மூணாவது" என்பேன். ஷேக்ஸ்பியர் அவர்களுக்கு எண்தான் கொடுத்திருக்கிறார். நாடகத்தில் பெயரில்லாதவர்கள் வேறு சிலரும் உண்டு. ஆனால் ஒரு ராஜாவின் தலையெழுத்தையே வாயால் சொல்கிறவர்களுக்குப் பெயர் இல்லையே என்று எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை.

'இவர்கள் பெண்கள் அல்ல, விதி' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவேன். அவர்களைக் குறிக்க நாடகம் சொல்லும் 'வியர்ட்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் ஊழ் என்றே பொருள். சிலப்பதிகாரம் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அது சட்டென்று பிடிபடும். கொப்பரையில் கண்டதையும் போட்டுக் காய்ச்சும் காட்சி வந்தால், கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் அடுவதைச் சொல்வேன். வகுப்பு சிரிக்கும். மணி அடிக்கும்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் ஜூன் மாதத்தில், எடின்பரோவில் வேலை பார்க்கும் மகளிடம் போயிருந்தேன். "கோட்டை பாத்தாச்சு, மியூசியம் பாத்தாச்சு. உன்னோட சூனியக்காரிங்க ஊருக்கெல்லாம் போயிட்டு வருவோமாம்மா?" என்றாள். கேலிதான் செய்தாள். நான் உடனே சரி என்றுவிட்டேன்.

முதல் இடத்துக்கு ரயிலும் வேண்டியிருக்கவில்லை. எடின்பரோ கோட்டையின் முன்முற்றத்துக்குள் நுழையும் இடத்தில், கட்டம் போட்ட கம்பளித் துணி விற்கும் கட்டடத்தின் சுவரில் ஒரு சிறிய நீரூற்றுத் தொட்டி பதித்திருக்கிறார்கள். சூனியக்காரிகளின் கிணறு என்று பெயர். நான் போன அன்று அதில் தண்ணீர் இல்லை. இரண்டு பெண் முகங்கள், ஒன்று கடுகடுப்பாக, ஒன்று சாந்தமாக. இடையில் ஒரு பாம்பு, ஒரு ஃபாக்ஸ்குளோவ் செடி. கொஞ்சம் கூடினால் நஞ்சு, அளவோடு கொடுத்தால் இதய நோய்க்கு மருந்து என்று இரண்டுமாக இருக்கும் செடி அது. சூனியம் செய்தார்கள் என்று குற்றம் சாட்டி, இந்தக் கோட்டை மேட்டில்தான் பலரை எரித்தார்கள். தூணில் கட்டி, கழுத்தை நெரித்து, பிறகு தீ வைப்பது ஸ்காட்லாந்தின் வழக்கம். சிலரை உயிரோடும் எரித்திருக்கிறார்கள்.

1894ஆம் ஆண்டு ஜான் டங்கன் என்ற ஓவியர் வடித்த இந்த நீரூற்றைச் செய்யச் சொன்னவர் பேட்ரிக் கெடிஸ். அந்தப் பெயரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நகரமைப்பு அறிஞரான இந்தக் கெடிஸ்தான் 1914இல் சென்னைக்கு வந்து, மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கைகள் எழுதியவர். அவர் கொண்டுவரவிருந்த கண்காட்சிப் பொருள்களை ஏற்றிய கப்பலை வழியில் மூழ்கடித்தது ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். நம் ஊரில் பொல்லாத ஆளை இன்றும் 'சரியான எம்டன்' என்கிறோமே, அதே கப்பல். கெடிஸ் சளைக்காமல் புதிதாகப் பொருள் திரட்டிக் கண்காட்சியை நடத்திக் காட்டினார். எரிக்கப்பட்டவர்களில் மருந்து தெரிந்த நல்லவர்களும் இருந்தார்கள் என்று கல்லும் உலோகமும் கொண்டு முதலில் சொல்லத் துணிந்தவர்களில் அவர் ஒருவர். அப்படியும், சிலர் கெட்டவர்களாகவே இருந்திருக்கலாம் என்று அந்தக் கடுகடுத்த முகத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறார்.

மறுநாள் நார்த் பெரிக் போகும் ரயில். அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். வழியில் பிரஸ்டன்பான்ஸ் என்ற நிலையம் வரும். பக்கத்து ஊர் டிரானெண்ட். என் மாணவிகளுக்கு நான் சொல்லாத கதை அங்கே தொடங்குகிறது.

1589இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸுக்கும் டென்மார்க் இளவரசி ஆன்னுக்கும் திருமணம் நிச்சயமானது. மணப்பெண் ஏறி வந்த கப்பல்களைப் புயல் நார்வே கரைக்குத் தள்ளிவிட்டது. மாப்பிள்ளை தானே கப்பலேறிப் போய், நவம்பரில் ஆஸ்லோவில் மணமுடித்து, குளிர்காலத்தை அந்தப் பக்கத்திலேயே கழித்து, 1590 மே 1ஆம் தேதி பெண்ணோடு ஊர் திரும்பினார். புயலுக்குக் காரணம் சூனியம் என்று டென்மார்க்கில் முதலில் சில பெண்களைப் பிடித்தார்கள். அந்தப் பேச்சு ஸ்காட்லாந்துக்கும் வந்தது.

டிரானெண்டில் டேவிட் சீட்டன் என்ற அதிகாரியின் வீட்டில் கெய்லிஸ் டங்கன் என்று ஒரு வேலைக்காரப் பெண். இரவில் எங்கோ போகிறாள், நோயாளிகளைக் குணப்படுத்துகிறாள் என்பதுதான் எஜமானனின் சந்தேகம். விரல்களை நசுக்கும் இடுக்கியை மாட்டினான். தலையில் கயிறு கட்டி முறுக்கினான். அவளிடமிருந்து அவன் எதிர்பார்த்தது பெயர்கள். வலி தாளாமல் அவள் பெயர்களைச் சொன்னாள். அப்படி வந்தவற்றில் ஒன்று ஆக்னஸ் சாம்ப்சன். வயதானவள், பிள்ளைப்பேறு பார்க்கிறவள், வைத்தியம் தெரிந்தவள். இன்னொருவர் ஜான் ஃபியன், பள்ளி ஆசிரியர், என் தொழில்காரர். கால்களை நசுக்கியபோது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பிறகு, சொன்னதெல்லாம் பொய் என்று மறுத்தார். மறுத்தபடியே செத்தார்.

பிரஸ்டன்பான்ஸ் பகுதியில் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட 81 பேருக்கு 2004இல் மன்னிப்பு வழங்கினார்கள். அவர்களுடைய பூனைகளுக்கும் சேர்த்து. மகள் இதைக் கைப்பேசியில் படித்துவிட்டுச் சிரித்தாள். "பூனை என்னம்மா தப்பு பண்ணுச்சு?" என்றாள். "அவங்க என்ன தப்பு பண்ணாங்க?" என்றேன். அதன்பின் ரயில் நிற்கும்வரை நாங்கள் பேசவில்லை.

நார்த் பெரிக் துறைமுகத்தின் ஓரத்தில் பழைய தேவாலயத்தின் மிச்சமாக ஒரு வெள்ளை முகப்பும் சில அடிச்சுவர்களும் நிற்கின்றன. எதிரே கடலில் பாஸ் ராக் என்னும் பாறைத்தீவு, கேனட் பறவைகளாலும் அவற்றின் எச்சத்தாலும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடக்கிறது. ஐஸ்கிரீம் கையில் ஏந்திய பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். 1590இன் அக்டோபர் கடைசி இரவில் இந்தத் தேவாலயத்தில்தான் பிசாசு பிரசங்கம் செய்தது, இருநூறு பேர் சல்லடைகளில் ஏறிக் கடல் தாண்டி வந்து கேட்டார்கள், வழியில் குடித்துக் கூத்தாடினார்கள் என்று ஆக்னஸின் ஒப்புதல் வாக்குமூலம் சொல்கிறது. மறுவருடமே லண்டனில் அது துண்டுப் பிரசுரமாக அச்சாகி விற்றது.

சல்லடை! நாடகத்தில் முதல் சூனியக்காரி சல்லடையில் ஏறி அலெப்போவுக்குப் போய் ஒரு மாலுமியின் கப்பலை அலைக்கழிப்பேன் என்கிறாள். 'கவிஞரின் கற்பனை வளம்' என்று நான் ஓரக்குறிப்பு எழுதிய இடம் அது. அந்தக் கற்பனையைக் கயிறு முறுக்கித்தான் எடுத்திருக்கிறார்கள்.

அரண்மனையில் விசாரணையை மன்னரே உட்கார்ந்து நடத்தினார். அப்போது அவருக்கு 24 வயது. கூட்டத்தில் கெய்லிஸ் மோர்சிங் வாசிக்க எல்லாரும் ஆடினார்கள் என்று ஆக்னஸ் சொன்னதும், கெய்லிஸை அழைத்துவரச் செய்து தன் முன் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். துண்டுப் பிரசுரம் இதை ஒரு வேடிக்கைபோல எழுதுகிறது. இடுக்கி நசுக்கிய விரல்களால் அந்தப் பெண் எப்படி மோர்சிங்கைத் தட்டியிருப்பாள் என்று அதை எழுதியவர் யோசிக்கவில்லை. ஆக்னஸ் முதலில் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. உடம்பு முழுக்க மழித்து, கயிற்றால் தலையை இறுக்கி வருத்திய பிறகுதான் பேசினாள். மன்னரும் அரசியும் முதலிரவில் பேசிய வார்த்தைகளை அப்படியே திருப்பிச் சொன்னாள், அதில்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது என்கிறது பிரசுரம். 1591 ஜனவரி 28ஆம் தேதி எடின்பரோ கோட்டை மேட்டில் அவளைக் கொன்றார்கள். அதே வருடம் டிசம்பரில் கெய்லிஸையும். சாவதற்கு முன் கெய்லிஸ், தான் காட்டிக்கொடுத்த இரண்டு பெண்களின் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவர்கள்மீது தான் சொன்னது பொய், எஜமானன் சொல்லவைத்தது என்றாள். அந்த இருவரில் ஒருத்தியை ஏற்கெனவே ஜூன் மாதத்திலேயே உயிரோடு எரித்திருந்தார்கள்.

ஜேம்ஸ் 1597இல் பேயியல் பற்றி ஒரு நூலே எழுதினார். 1603இல் இங்கிலாந்துக்கும் மன்னரானார். ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு அரசரின் குழு என்று பெயர் பெற்றது. அடுத்த சில வருடங்களில், ஏறக்குறைய 1606இல், மேக்பெத். அதில் மேக்பெத்தின் சக தளபதியான பேங்க்வோவின் வழித்தோன்றல்கள் அரசாள்வார்கள் என்று சூனியக்காரிகள் சொல்வது ஜேம்ஸின் குலத்தைத்தான். அந்தக் காலத்து வரலாறுகள் அவருடைய வம்சத்தை பேங்க்வோவிலிருந்துதான் தொடங்கின. பேங்க்வோ என்று ஒருவர் இருந்ததற்கே ஆதாரமில்லை என்பது பின்னால் தெரிந்தது. சூனியக்காரிகளைக் கொன்ற மன்னருக்கு, சூனியக்காரிகள் வாயாலேயே வாழ்த்து.

நாங்கள் அடுத்து ஏறிய, இன்வெர்னஸ் செல்லும் வடக்கு ரயில் ஃபோர்த் பாலத்தைத் தாண்டி ஃபைஃப் கரையில் ஓடுகிறது. கிர்காடி நிலையத்தில் இரண்டு நிமிடம் நின்றது. பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1723இல் பிறந்த ஊர். அவர் பிறப்பதற்குத் தொண்ணூறு வருடம் முன்னால், 1633இல், இதே ஊரில் வில்லியம் கோக் என்பவரையும் அவர் மனைவி அலிசன் டிக்கையும் சூனியக் குற்றத்துக்காக எரித்தார்கள். அதற்கான செலவுக் கணக்கு அப்படியே இருக்கிறது. நிலக்கரி பத்துச் சுமை 3 பவுன் 6 ஷில்லிங் 8 பென்ஸ். தார் பீப்பாய் 14 ஷில்லிங். கயிறு 6 ஷில்லிங். இருவருக்கும் உடுத்திவிடச் சணல் துணி 3 பவுன் 10 ஷில்லிங், தையல் கூலி 8 ஷில்லிங். தண்டனையை நிறைவேற்றியவருக்குக் கூலி 8 பவுன் 14 ஷில்லிங். தேவாலயமும் ஊர் நிர்வாகமும் செலவைப் பங்கிட்டுக்கொண்டன. பேய், பிசாசு, மாயம் என்று மூச்சு முட்டப் பேசிய நூற்றாண்டில், ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் எழுதிய ஆவணம் இந்தக் கணக்குச் சீட்டுதான்.

பர்னம் ஊரில் இறங்கி, டே ஆற்றங்கரைக்கு நடந்தோம். மேக்பெத்துக்கு எதிராகக் கிளம்பி வந்த காட்டின் கடைசி மிச்சம் என்று ஒரு ஓக் மரத்தைக் காட்டுகிறார்கள். அடிமரம் பொந்து விழுந்திருக்கிறது. தாழ்ந்த கிளைகளுக்குக் கவட்டை முட்டுக்கொடுத்து, கம்பு ஊன்றிய கிழவரைப்போல நிறுத்தியிருக்கிறார்கள். 'காடு நடந்து வந்தால்தான் நீ தோற்பாய்' என்ற வாக்கை மேக்பெத் ஆறுதலாக எடுத்துக்கொண்டான். எதிரிப் படை கிளைகளை வெட்டித் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வந்தது. சூனியக்காரிகள் சொன்னது பொய்யில்லை, கேட்டவன் தனக்கு வேண்டியபடி பொருள் கொண்டான் என்பதுதான் நாடகத்தின் சூட்சுமம். அரண்மனையிலும் அதுதான் நடந்தது. ஜேம்ஸும் தனக்கு வேண்டியதைத்தான் கேட்டார். என்ன ஒன்று, மேக்பெத் தவறாகக் கேட்டதற்குத் தன் தலையைக் கொடுத்தான். ஜேம்ஸ் தவறாகக் கேட்டதற்கு மற்றவர்கள் கொடுத்தார்கள்.

உண்மையான மேக்பெத் விருந்தாளியைப் படுக்கையில் குத்திக் கொன்றவன் இல்லை. 1040இல் டங்கன் மன்னரைப் போரில் வென்று அரியணை ஏறினார். 17 வருடம் ஆண்டார். 1050இல் ரோமாபுரிக்கு யாத்திரை போய் ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்தார். நாட்டில் குழப்பம் இருந்தால் ராஜா அவ்வளவு தூரம் போகமுடியாது. 1057இல் லம்ஃபனன் என்ற இடத்தில் கொல்லப்பட்டார். சூனியக்காரிகள் அவர் கதைக்குள் வந்தது நூற்றாண்டுகள் கழித்துத்தான், முதலில் கனவில் வந்த மூன்று பெண்களாக. ஷேக்ஸ்பியர் கையாண்ட ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில், 1577ஆம் ஆண்டுப் பதிப்பில், அந்தக் காட்சிக்கு ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு. அதில் மூவரும் நல்ல உடை உடுத்திய சீமாட்டிகள். நாடகத்தில்தான் அவர்கள் வற்றிய உதடும் வெடித்த விரலும் தாடியுமாக, ஊர்க் கடைசிக் குடிசையில் இருக்கும் கிழவிகளாக மாறுகிறார்கள். விதிக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. இருந்த முகங்களில் எளிதில் கிடைத்தது அதுதான்.

ஃபாரஸ் ஊருக்கு அருகிலுள்ள பொட்டலில்தான் மேக்பெத் அவர்களைச் சந்திக்கிறான். இன்வெர்னஸிலிருந்து ரயிலில் அரைமணி. ஊர் எல்லையில் சூனோவின் கல் என்று ஆறரை மீட்டர் உயரத்தில் ஒரு பழங்கால நடுகல், ஒரு பக்கத்தில் போர்க்காட்சிகள் செதுக்கியது, கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிறது. மூன்று சூனியக்காரிகளையும் இதற்குள் அடைத்திருக்கிறது, கல் உடைந்தால் வெளியே வருவார்கள் என்று கதை. நான் தேடிப் போனது இன்னொரு கல்லை. காவல் நிலையத்துக்கு அருகே, சாலை ஓரத்தில், இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்டிய ஒரு சாதாரணப் பாறை. பெண்களைப் பீப்பாயில் அடைத்து மலையிலிருந்து உருட்டிவிடுவார்களாம், பீப்பாய் நின்ற இடத்தில் எரிப்பார்களாம். பீப்பாய்க் கதையை வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. இந்தக் கல்லைப் பார்க்க வந்தவர்கள் எங்களைத் தவிர இல்லை. கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் ஒரு பேருந்துக் கூட்டமே நின்றது.

அன்றிரவு விடுதியில் தூக்கம் வரவில்லை. ஜூன் மாதத்தில் அங்கே பத்து மணிக்கும் வெளிச்சம். திரைச்சீலையை எவ்வளவு இழுத்தாலும் ஓரத்தில் ஒளி கசிந்தது. மேக்பெத்துக்குத் தண்டனையே தூக்கம் போனதுதான். அவன் மனைவி தூக்கத்தில் எழுந்து நடந்து, இல்லாத ரத்தத்தைக் கழுவுவாள். 'மனசாட்சியின் வாதை' என்று எத்தனை தேர்வுத்தாள் திருத்தியிருப்பேன்! ஸ்காட்லாந்து விசாரணைகளில் மிக அதிகமாகக் கையாண்ட சித்திரவதையும் அதுதான். பிடித்து வந்தவர்களைப் பகலிரவாகத் தூங்கவிடாமல் காவல் காப்பார்கள். சில நாளில் புத்தி பேதலித்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கேட்டதையெல்லாம் கண்டதாகச் சொல்லிவிடுவார்கள். அந்தக் காவலுக்கும் ஆள் வைத்துக் கூலி கொடுத்திருக்கிறார்கள். மேடையில் கொலைகாரனுக்குக் கிடைத்த தண்டனையை, வெளியே எந்தக் கொலையும் செய்யாதவர்களுக்குக் கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் ஃபைஃப் கரையில் டோரிபர்ன் என்ற சிற்றூருக்குப் போனோம். டன்ஃபெர்ம்லினிலிருந்து பேருந்து. முதல்நாள் போனபோது கடல் பொங்கி நின்றது. பார்க்க வந்தது தண்ணீருக்கு அடியில். "அலை அட்டவணை பாக்காம வந்துட்டோம்மா" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் நேரம் பார்த்துப் போய், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவிலுள்ள சேற்றில் கணுக்கால்வரை புதைந்து நடந்தோம். பாசி படர்ந்த ஒரு கனத்த மணற்கல் பலகை. பார்த்தால் யாரோ போட்டுவிட்டுப் போன படிக்கல் போலத்தான் இருக்கிறது.

அதன் அடியில்தான் 1704இல் லிலியஸ் ஏடியைப் புதைத்தார்கள். எரிப்பதற்கு முன்பே சிறையில் இறந்துபோனாள். எழுந்து வந்துவிடுவாளோ என்று பயந்து, நிலத்திலும் இல்லாமல் கடலிலும் இல்லாமல், கல் ஏற்றி அமிழ்த்தினார்கள். எரித்தவர்களுக்கு மிச்சமாவது சாம்பல்தான். அதனால் ஸ்காட்லாந்தில் சூனியக் குற்றம் சாட்டப்பட்டவர்களில், இடம் தெரிந்த கல்லறை இவள் ஒருத்திக்குத்தான் என்கிறார்கள். 1852இல் அதையும் தோண்டினார்கள். சவப்பெட்டிப் பலகையில் கைத்தடி செய்துகொண்டார்கள். மண்டையோடு பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குப் போய், 1938இல் கிளாஸ்கோ பொருட்காட்சியிலும் வைக்கப்பட்டு, பிறகு காணாமல் போனது. எஞ்சிய பழைய ஒளிப்படங்களை வைத்து 2017இல் டண்டீ பல்கலைக்கழகத்தார் அவள் முகத்தைக் கணினியில் மீட்டெடுத்தார்கள். மகள் கைப்பேசியில் காட்டினாள். எங்கள் தெருவில் காய் வாங்க வரும் யாரோ ஒரு பாட்டியின் முகம்.

லிலியஸிடமும் பெயர்கள்தான் கேட்டார்கள். கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று. பிசாசைக் கண்டேன் என்று ஒப்புக்கொண்டவள் இந்தக் கேள்விக்கு மட்டும் வளையவில்லை. வந்தவர்கள் சீமாட்டிகளைப்போல முகமூடி போட்டிருந்தார்கள், அடையாளம் தெரியவில்லை என்றாள். இறந்துபோனவர்களையும் ஏற்கெனவே பிடிபட்டவர்களையும்தான் சொன்னாள். கெய்லிஸ் சாகும்போது செய்ததை இவள் முன்னதாகவே செய்துவிட்டாள்.

நாடகக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. அரங்குக்குள் மேக்பெத் என்ற பெயரை உச்சரிக்கக்கூடாது, சொன்னால் கேடு வரும். 'ஸ்காட்டிஷ் நாடகம்' என்றே குறிப்பிடுவார்கள். நானும் வகுப்பில் இதைச் சுவாரசியமாகச் சொல்லியிருக்கிறேன். பெயரைச் சொன்னதால் உண்மையில் கேடு வந்த நாட்டில் நின்றுகொண்டிருக்கிறோம் என்று சேற்றில் நிற்கும்போதுதான் தோன்றியது.

ஸ்காட்லாந்தின் சூனியச் சட்டம் 1563இல் வந்து 1736இல் ஒழிந்தது. 2022 மார்ச் 8ஆம் தேதி, மகளிர் தினத்தன்று, அன்றைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். எடின்பரோ பல்கலைக்கழகம் பழைய ஆவணங்களைத் துழாவி ஒரு பட்டியல் தயாரித்து இணையத்தில் வைத்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 3,837 பேர். நூற்றுக்கு 84 பேர் பெண்கள். ஊருக்குத் திரும்பும் விமானத்தில் ஏறும்வரை அந்தப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அதில் 3,212 பேருக்குப் பெயர் இருக்கிறது. மேக்பெத் நடத்தும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், கரும்பலகையில் 'விதி' என்று எழுதுவதற்கு முன்னால் அவற்றில் மூன்று பெயர்களையாவது எழுதுங்கள். ஆக்னஸ் சாம்ப்சன், கெய்லிஸ் டங்கன், லிலியஸ் ஏடி. மீதி 625 பதிவுகளில் பெயரே எழுதப்படவில்லை.